அலையாத்திக் காட்டைச் செயற்கைக்கோளில் பார்க்க எந்தத் தரவை எடுப்பது?

பிச்சாவரம், முத்துப்பேட்டை பக்கம் அலையாத்திக் காடுகளை ஆராயக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்தச் சாட்டிலைட் டேட்டா நல்லது? கேட்பவர் எம்.எஸ்சி. மாணவராக இருக்கலாம், மரம் நட்ட தொண்டு நிறுவனக்காரராக இருக்கலாம், அறிக்கை கொடுக்க வேண்டிய திட்ட அலுவலராக இருக்கலாம். கூடவே ஒரு நம்பிக்கையும் இருக்கும்: பிக்சல், அதாவது படத்தின் ஒரு கட்டம் தரையில் பிடிக்கும் இடம், சின்னதாக ஆக ஆக ஆய்வு உயர்ந்துவிடும் என்று. அது பாதிதான் சரி. பிக்சல் அளவு, பேண்டுகளின் (தனித்தனியாகப் பதிவாகும் ஒளிப்பகுதிகளின்) எண்ணிக்கை, எத்தனை நாளுக்கு ஒரு படம், எத்தனை வருடம் பின்னால் போகலாம் என்ற நான்கும் ஒரே செயற்கைக்கோளில் சேர்ந்து அமைவதில்லை. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும். எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதில்தான் முடிவு இருக்கிறது.

முதலில் இடத்தைப் பார்த்துக்கொள்வோம். பிச்சாவரம் சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர். சின்னச் சின்னத் திட்டுகள், அவற்றைப் பிரிக்கும் ஓடைகள். ஓடைக்கரையில் வேர்களைக் கால்போல ஊன்றி நிற்கும் சுரபுன்னை, அதற்குப் பின்னால் திட்டின் உட்புறம் வெண்கண்டல். முத்துப்பேட்டை வேறு மாதிரி. காவிரி டெல்டாவின் தென்கோடி, பெரிய காயல், சேற்றுவெளி, மரம் என்றால் ஏறக்குறைய எல்லாமே வெண்கண்டல். காப்புக்காடு 12,000 ஹெக்டேர் அளவு வரும் என்றாலும் மரம் நிற்கும் பரப்பு அதில் ஒரு பங்குதான். இந்திய வன அளவை நிறுவனத்தின் 2021 அறிக்கையில் தமிழ்நாடு முழுவதற்குமே 45 சதுர கிலோமீட்டர், அதாவது 4,500 ஹெக்டேர்தான் அலையாத்திக் காடு. காப்புக்காட்டு எல்லையையும் காட்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட கட்டுரைகள் நிறைய உண்டு, கவனமாக இருங்கள்.

இரண்டு ஊரிலும் ஒரு சௌகரியம், கடல் ஏற்ற வற்றத்தின் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. கட்ச் வளைகுடாவிலோ சுந்தரவனத்திலோ படம் எடுத்த நேரத்தில் தண்ணீர் ஏறியிருந்ததா வற்றியிருந்ததா என்று பார்க்காமல் ஒரு வேலையும் ஓடாது. இங்கே அந்தத் தலைவலி குறைவு.

பழைய கதை வேண்டுமென்றால் லேண்ட்சாட்

அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972இல் போனது. அதன் ஆரம்பகாலப் படங்களில் ஒரு பிக்சல் 80 மீட்டர் அளவு. பிச்சாவரம் மாதிரி ஓடைகள் பின்னிய காட்டுக்கு அது போதாது. 1980களில் வந்த 30 மீட்டர் படங்களிலிருந்துதான் உருப்படியாக ஏதாவது செய்ய முடியும். 2008 முதல் முழுத் தொகுப்பும் இலவசம். இன்று லேண்ட்சாட்-8, லேண்ட்சாட்-9 இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் பார்க்கின்றன.

இதன் அருமை பிச்சாவரத்தில் தெரியும். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய முறைப்படி காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொட்டையாக வெட்டினார்கள். நிழல் போன சேறு வெயிலில் காய்ந்து அமுங்கிப் பள்ளமானது. பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் ஆவியாகி உப்பு ஏறியது. அப்புறம் அங்கே எதுவும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவக் கால்வாய்கள் வெட்டி, தண்ணீர் வந்து போக வழி செய்து, கரைகளில் நட்டார்கள். 1980களின் லேண்ட்சாட் படத்தில் காட்டு நடுவே வெளுத்துக் கிடக்கும் திட்டுகள் 2000க்குப் பிந்தைய படங்களில் பச்சையாவதை நீங்களே பார்க்கலாம். இதை வேறு எந்த இலவசத் தரவிலும் இவ்வளவு தொடர்ச்சியாகப் பார்க்க முடியாது.

ஆனால் பொறிகள் உண்டு. லேண்ட்சாட்-7இல் 2003 மே 31 அன்று வரிகளைச் சீர்செய்யும் கருவி பழுதானது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு படத்திலும் சுமார் 22% இடம் கறுப்புக் கோடுகளாக விடுபட்டிருக்கும். லேண்ட்சாட்-5இன் கருவி 2011 நவம்பரில் நின்றது, லேண்ட்சாட்-8 வந்தது 2013இல். ஆக 2012ஆம் ஆண்டுக்குக் கோடு விழுந்த படங்களே கதி. 2012ஐ அடிப்படை ஆண்டாக வைத்துத் திட்ட முன்வரைவு எழுதியிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

இன்னொரு குறை, கரையோரம். ஓடை 20 மீட்டர் அகலம், இரு கரையிலும் சுரபுன்னை கரைக்கு 10 மீட்டர் அகலம், அதற்கு அப்பால் வெண்கண்டல் என்று வைத்துக்கொள்வோம். ஓடை நடுவில் விழும் 30 மீட்டர் பிக்சலில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், மீதிதான் மரம். கணினி அதைத் தண்ணீர் என்று எழுதும். அடுத்த பிக்சலில் ஒரு கீற்றுச் சுரபுன்னையும் பெரும்பகுதி வெண்கண்டலும் விழும், அது வெண்கண்டல் என்று போகும். ஆக, கண்ணெதிரே நிற்கும் சுரபுன்னை வரைபடத்தில் காணாமலே போய்விடும். முத்துப்பேட்டையில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே ஒரே இனம் பெரும்பரப்பில் நிற்கிறது, 30 மீட்டர் தாராளமாகப் போதும். ஒரே தரவு ஓர் ஊருக்குச் சரியாகவும் இன்னோர் ஊருக்குத் தப்பாகவும் இருப்பது இப்படித்தான்.

இன்றைய நிலைக்கு சென்டினல்-2

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2ஏ 2015 ஜூனிலும் 2பி 2017 மார்ச்சிலும் ஏவப்பட்டன. மொத்தம் 13 பேண்டுகள். அவற்றில் நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு நான்கும் 10 மீட்டர். செவ்விளிம்பு (சிவப்பு முடியும் இடத்தை ஒட்டியது), குற்றலை அகச்சிவப்பு (அண்மை அகச்சிவப்பை விட நீண்ட அலை) பேண்டுகள் 20 மீட்டர். இரண்டும் சேர்ந்தால் 5 நாளுக்கு ஒரு படம், அதுவும் இலவசம். மேலே சொன்ன 10 மீட்டர் சுரபுன்னை வரிசை இதில் விளிம்பிலாவது தென்படும். என்னைக் கேட்டால், 2016க்குப் பிந்தைய எந்தக் கேள்விக்கும் முதலில் திறக்க வேண்டியது இதைத்தான். காசு கொடுத்து வாங்கும் 3 மீட்டர் படங்களைப் பற்றி யோசிப்பது அதற்கு அப்புறம்.

பிக்சலை விட நான் மதிப்பது குற்றலை அகச்சிவப்பைத்தான். காவிரி டெல்டாவில் அலையாத்தியை மற்ற பச்சையிலிருந்து பிரிப்பதே பெரும்பாடு. வயல் பச்சை, கரைமேட்டில் சீமைக் கருவேல் பச்சை, கடலோரச் சவுக்கு பச்சை, உப்புத்தரையில் உமரிச் செடியும் ஈரம் இருக்கும்போது பச்சை. எல்லோரும் போடும், பச்சையின் அளவைச் சொல்லும் என்டிவிஐ குறியீட்டுக்கு இவை எல்லாம் ஒரே குடும்பம். அலையாத்தியின் அடித்தரை எப்போதும் ஈரம், ஈரம் குற்றலை அகச்சிவப்பை விழுங்கிவிடும். அதனால் அந்தப் பேண்டில் அலையாத்தி இருட்டாகவும் மேட்டுநிலச் சீமைக் கருவேல் கொஞ்சம் வெளிச்சமாகவும் வரும். இதை வைத்துத்தான் எம்விஐ என்ற அலையாத்திக் குறியீடு அமைந்திருக்கிறது. அண்மை அகச்சிவப்பிலிருந்து பச்சையைக் கழித்து, அதைக் குற்றலை அகச்சிவப்பிலிருந்து பச்சையைக் கழித்த தொகையால் வகுக்க வேண்டும். 2020இல் வெளியானது. ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட வரம்பு எண்களை அப்படியே நம் ஊருக்குப் போடாதீர்கள். உங்கள் ஊர் மாதிரிகளை வைத்து நீங்களே வரம்பு கண்டுபிடிப்பதுதான் முறை.

எந்த மாதப் படம் என்பதும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம் விலகாது. ஜனவரியில் வானம் தெளியும், ஆனால் அப்போது வயலில் சம்பா நிற்கும். சம்பா அறுத்து முடிந்து, தரை காய்ந்து கிடக்கும் ஏப்ரல், மே படங்களில் பச்சையாக மிஞ்சுவது அலையாத்தி, சீமைக் கருவேல், சவுக்கு, தோப்புகள் இவ்வளவுதான். பாதிக் குழப்பம் தானாகவே தீர்ந்துவிடும். மேட்டுநிலத்தை உயர வரைபடம் வைத்து வெட்டிவிடலாம் என்று வெளிநாட்டுக் கட்டுரைகள் சொல்லும். மலையடிவாரக் கடற்கரைகளில் அது எடுபடும். இங்கே கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே போனாலும் தரை சில மீட்டர்தான் ஏறுகிறது, அந்த வழி இங்கே உதவாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களின் எண் மதிப்புகளில் 1,000 கூட்டப்பட்டு வருகிறது. 2019 படத்தையும் 2023 படத்தையும் நேரடியாகத் தரவிறக்கி ஒப்பிட்டால் காடு முழுக்க ஏதோ நடந்த மாதிரி தெரியும். கூகுள் எர்த் என்ஜின் என்ற இணையத் தளத்தில் இதைச் சரிசெய்த தொகுப்பு தனியாகவே இருக்கிறது, அதையே எடுங்கள்.

நம் நாட்டுச் செயற்கைக்கோள்கள்

ரிசோர்ஸ்சாட்-2 (2011), 2ஏ (2016) இரண்டிலும் லிஸ்-3, லிஸ்-4 என்ற கேமராக்கள் உண்டு. லிஸ்-4 படத்தில் பிக்சல் 5.8 மீட்டர். கேட்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதில் பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு என்ற மூன்றே பேண்டுகள், நமக்கு வேண்டிய குற்றலை அகச்சிவப்பு இல்லை. லிஸ்-3இல் அது உண்டு, பிக்சல் 23.5 மீட்டர், ஆனால் ஒரு செயற்கைக்கோள் 24 நாளுக்கு ஒரு படம்தான் தரும். மேகம் இரண்டு முறை மறைத்தால் ஒரு பருவமே போச்சு. கண்ணால் பார்த்துக் கையால் எல்லை வரைகிறவர்களுக்கு லிஸ்-4 அருமையான படம், ஓடையின் வளைவு, இறால் குட்டையின் கரை எல்லாம் பளிச்சென்று விழும். கணினியைக் கொண்டு வகைப்படுத்துகிறவர்கள் சென்டினல்-2ஐ விட்டு இதற்கு வரக் காரணம் இல்லை. சேர்த்து வைத்துக்கொள்ளலாம். தேசியத் தொலையுணர்வு மையத்தின் பூநிதி தளத்தில் தேடிப் பாருங்கள். 2023 விண்வெளிக் கொள்கைப்படி 5 மீட்டரும் அதற்கு மேலும் பிக்சல் அளவுள்ள படங்கள் எல்லோருக்கும் திறந்த தரவு.

ரேடார்: மேகத்துக்குள் பார்ப்பது, குட்டையைப் பிடிப்பது

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. முத்துப்பேட்டை அலையாத்தி பலத்த அடி வாங்கியது. அப்போது மழைக்காலம், ஒளிப்படச் செயற்கைக்கோள்களுக்கு மேகம் மறைப்பு. இந்த மாதிரி நேரத்தில்தான் எல்லோருக்கும் ரேடார் ஞாபகம் வரும். தானே அலையை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 மேகம், இருட்டு எதையும் சட்டை செய்வதில்லை, இந்தியாவுக்கு ஏறக்குறைய 12 நாளுக்கு ஒரு படம் தரும், இலவசம்.

ஆனால் அது எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு எடுங்கள். சென்டினல்-1 சி-பேண்ட், அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. அந்த அலை மரத்தலைப்பின் இலை, சுள்ளிகளில் பட்டே திரும்பிவிடும். புயலில் இலை உதிர்ந்து கிளைகள் நின்றால், என்டிவிஐ விழும் அளவுக்கு ரேடார் எதிரொலி விழாது. மரம் அடியோடு சாய்ந்து கீழே தண்ணீர் தெரிந்தால்தான் ரேடாரில் நன்றாகத் தெரியும். ஆக, எங்கே நீர் புகுந்தது, எங்கே காடு திறந்துவிட்டது என்று உடனே பார்க்க சென்டினல்-1. எவ்வளவு இலை போனது, அடுத்த ஆண்டு எவ்வளவு திரும்பியது என்று பார்க்க சென்டினல்-2. இரண்டாவது கேள்வியை அவசரப்பட்டு மூடிவிடக் கூடாது. வெண்கண்டல் தண்டிலிருந்து மறுபடி துளிர்விடக்கூடிய மரம், சுரபுன்னைக்கு அந்தத் திறன் குறைவு. புயல் முடிந்த இரண்டாம் வாரப் படத்தை வைத்து "இத்தனை ஹெக்டேர் அழிந்தது" என்று எழுதுகிறவர் துளிர்க்கப்போகும் மரங்களையும் சேர்த்துச் சாகடிக்கிறார். குறைந்தது அடுத்த இரண்டு கோடைகளின் படங்களையாவது பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

சென்டினல்-1 கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும் வேலை ஒன்று இருக்கிறது, அது இறால் பண்ணை. குட்டையில் நிற்கும் தண்ணீர் கறுப்பாகவும் சுற்றியுள்ள கரை வெளிச்சமாகவும் விழும். ஒரு வருடப் படங்களைச் சராசரி எடுத்தால் கட்டம் கட்டமாகப் பண்ணைகள் வந்து நிற்கும். அலையாத்திக்கு அருகே பண்ணைகள் எந்த ஆண்டு எவ்வளவு நெருங்கின என்பதுதான் கேள்வியென்றால் வேறெதையும் தேட வேண்டாம்.

எல்-பேண்ட் ரேடார் இன்னொரு வகை. அலைநீளம் சுமார் 24 செ.மீ., இலையைத் தாண்டித் தண்டு, வேர், கீழே நிற்கும் தண்ணீர் வரை போய்த் திரும்பும். ஜப்பானின் ஏலோஸ் செயற்கைக்கோள்களின் 25 மீட்டர் ஆண்டுத் தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இதில் ஒரு வினோதம்: மரம் பெருக்கப் பெருக்க எதிரொலியும் பெருகும் என்றுதான் நினைப்போம், ஆனால் அடர்ந்த சுரபுன்னைக் காட்டில் பின்னிக் கிடக்கும் வேர்கள் அலையை அடக்கிவிட, எதிரொலி குறைவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதாவது பெரிய காடு சின்னக் காடு போலத் தெரியலாம். இனம் தெரியாமல் எல்-பேண்டை வைத்து மர எடை கணக்கிடுவது ஆபத்து. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செயற்கைக்கோள் எல்-பேண்ட், எஸ்-பேண்ட் இரண்டையும் சுமக்கிறது, 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வரும். புதிதாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்கிறவர் நான்கைந்து வருடம் கையில் வைத்திருக்கிறார், அவர் இதை நம்பித் திட்டம் போடலாம். ஆறு மாதப் புராஜெக்ட் செய்கிறவர் போட வேண்டாம்.

தயார் நிலையில் கிடைக்கும் வரைபடங்கள்

நாமே ஏன் கஷ்டப்பட வேண்டும், உலக வரைபடம் தயாராக இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2011இல் வெளியான, லேண்ட்சாட் படங்களைக் கொண்டு செய்த உலகக் கணக்கு, 2000ஆம் ஆண்டில் 118 நாடுகளில் 1,37,760 சதுர கிலோமீட்டர் என்றது. குளோபல் மேங்குரோவ் வாட்ச் என்ற கூட்டு முயற்சியின் கணக்கில் 2020இல் சுமார் 1,47,000. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இருபது வருடத்தில் உலக அலையாத்திக் காடு வளர்ந்துவிட்டது! அதே குளோபல் மேங்குரோவ் வாட்ச், ஒரே முறையில் செய்த தன் வரிசையில் 1996க்கும் 2020க்கும் நடுவே 5,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் நிகர இழப்பு என்கிறது. முதல் வித்தியாசம் இரண்டு அளவுகோல்களுக்கு நடுவில் உள்ளது, காட்டில் நடந்தது இரண்டாவதுதான்.

நம் நாட்டு எண்ணிலும் இது உண்டு. இந்திய வன அறிக்கைகளில் அலையாத்திப் பரப்பு 1987இல் 4,046 சதுர கிலோமீட்டர், 2021இல் 4,992. நடுவில் உண்மையிலேயே நடவு நடந்திருக்கிறது, குஜராத்தில் நிறையவே. ஆனால் 1987 அறிக்கை 80 மீட்டர் பிக்சல் படங்களை வைத்துக் கண்ணால் பார்த்து வரைந்தது, இன்று லிஸ்-3 படங்களில் ஒரு ஹெக்டேர் திட்டு வரை கணக்கில் வருகிறது. அன்று விட்டுப்போன சின்னத் திட்டுகள் இன்று "வளர்ச்சி"யாகச் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. மாநில அளவில், தேசிய அளவில் பேச இந்த எண்கள் போதும். உங்கள் ஆய்வுப் பகுதி ஒரு பஞ்சாயத்து அளவென்றால், தயார் வரைபடத்தைத் தொடக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் எல்லையை நீங்களே வரையுங்கள்.

நாற்று உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க

2023இல் ஒன்றிய அரசு அலையாத்தி நடவுக்கான மிஷ்டி திட்டத்தை அறிவித்த பிறகு நடவு எங்கும் சூடுபிடித்திருக்கிறது. நட்டவர்கள் அடுத்த வருடமே செயற்கைக்கோள் சான்று கேட்கிறார்கள். முழங்கால் உயர நாற்று, நடுவில் ஒன்றிரண்டு மீட்டர் இடைவெளி, சுற்றிலும் சேறு. 10 மீட்டர் பிக்சலில் அது சேறுதான். நாற்றுகள் வளர்ந்து மரத்தலைப்புகள் விரிந்து நெருங்க ஆரம்பிக்கும்வரை சென்டினல்-2 ஒன்றும் சொல்லாது. அதற்கு முன்னாலேயே பச்சை ஏறியிருந்தால் நாற்றைச் சந்தேகியுங்கள், நடுவில் முளைத்த உமரியாகவோ பாசியாகவோ இருக்கலாம்.

இங்கேதான் ட்ரோன் வேண்டும். சில செ.மீ. அளவில் படம், நாற்றை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆனால் ட்ரோனைப் பற்றி விற்பனையாளர் சொல்லாத சில விஷயங்கள் உண்டு. படங்களை ஒட்டும் மென்பொருளுக்கு அசையாத புள்ளிகள் வேண்டும், ஓடைத் தண்ணீரிலும் காற்றில் ஆடும் தலைப்பிலும் அது தடுமாறும், வரைபடத்தில் ஓட்டை விழும். சேற்றில் அடையாளப் பலகை நட்டு இடக்குறி (ஜிபிஎஸ்) எடுப்பதற்கே ஒரு நாள் போய்விடும். கடற்காற்று மதியத்துக்கு மேல் பறக்க விடாது. 2021 ட்ரோன் விதிகளின்படி வான்மண்டல வரைபடம் பார்க்க வேண்டும், அது போகக் காப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதி தனி. அப்புறம் பறவைகள். கோடியக்கரை, முத்துப்பேட்டை பக்கம் வலசைப் பறவைகள் கூடும் குளிர்காலத்தில் ட்ரோன் விடுவது எனக்கு உடன்பாடில்லை, அனுமதி கிடைத்தாலும் கூட. ஏப்ரலுக்குப் பிறகு போங்கள்.

உண்மையில் நடவுப் பரப்பு ஐந்தாறு ஹெக்டேர்தான் என்றால் ட்ரோனே வேண்டாம். சதுரம் கட்டி இறங்கி எண்ணுவது மலிவு, செத்த நாற்று ஏன் செத்தது என்பதும் கூடவே தெரியும்.

காட்டில் எவ்வளவு கார்பன் என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக

கார்பனைக் கணக்கிட உதவும் மர உயரத்துக்குச் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து லேசர் அனுப்பும் ஜெடி, 2018இல் போன ஐஸ்சாட்-2 இரண்டும் உண்டு. ஜெடியின் ஒவ்வொரு புள்ளியும் 25 மீட்டர் அகலம். கபோனில் 60 மீட்டரைத் தாண்டி வளரும் அலையாத்திக்கு அது நல்ல கருவி. நம் வெண்கண்டல் ஐந்தாறு மீட்டர் மரம், கருவியின் பிழையே அதில் பெரும்பங்கைச் சாப்பிட்டுவிடும். அது போக, அலையாத்தியின் கார்பனில் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. மண்ணை எந்தச் செயற்கைக்கோளும் அளப்பதில்லை, குழாய் இறக்கி எடுத்துத்தான் ஆக வேண்டும். படத்தை வைத்து கார்பன் கிரெடிட் கணக்கு தருகிறேன் என்று யாராவது வந்தால் மண் மாதிரி எங்கே எடுத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

களப்புள்ளிகள்

எந்தத் தரவை எடுத்தாலும் அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கக் களப்புள்ளிகள், அதாவது நேரில் போய் எந்த இடத்தில் எது நிற்கிறது என்று குறித்த புள்ளிகள், வேண்டும். பிச்சாவரத்தில் எல்லோரும் படகில் போகிறார்கள், படகில் இருந்தபடியே கைப்பேசியில் இடக்குறி எடுத்து "சுரபுன்னை" என்று எழுதிக்கொள்கிறார்கள். இதில் இரண்டு கோளாறு. இடக்குறி நிற்பது ஓடைத் தண்ணீரில், மரம் நிற்பது ஏழெட்டு மீட்டர் தள்ளி. 10 மீட்டர் பிக்சலில் அது பக்கத்துப் பிக்சல், ஆக சுரபுன்னை என்று நீங்கள் கணினிக்குக் காட்டியது தண்ணீரை. இரண்டாவது, படகு போகும் வழியெல்லாம் ஓடைக்கரை, அங்கே நிற்பதெல்லாம் சுரபுன்னை. உள்ளே இருக்கும் வெண்கண்டலுக்குப் புள்ளியே இருக்காது, அல்லது ஓரத்தில் எடுத்த நாலைந்து புள்ளிகள் இருக்கும். நல்ல படகுக்காரரைப் பிடித்து, தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் இறங்கி, சுற்றிலும் 30 மீட்டருக்கு ஒரே இனம் நிற்கும் இடமாகப் பார்த்து நடுவில் நின்று எடுங்கள். சேற்றில் இறங்கினால் மணிக்கு நான்கு புள்ளி கிடைத்தாலே பெரிது.

வரைபடத்தின் சரித்தன்மையைச் சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும். படத்தில் பாதி கடலும் காயலும் வயலும்தான். அவற்றைச் சரியாகச் சொன்னாலே மொத்தத் துல்லியம் 90 சதவீதத்தைத் தொட்டுவிடும். சுரபுன்னை வகுப்புக்கு மட்டும் எவ்வளவு என்று தனியாகப் போட்டுக் காட்டாத ஆய்வறிக்கையை நான் நம்புவதில்லை.

சரி, எதை எடுப்பது?

முத்துப்பேட்டையில் முப்பது வருட மாற்றம் கேட்டால் லேண்ட்சாட் ஒன்றே போதும், கோடை மாதப் படங்களாகத் தேர்ந்து, 2012ஐத் தவிர்த்து. பிச்சாவரத்தில் இனம் பிரிக்க வேண்டுமென்றால் சென்டினல்-2, கூடவே கண் சரிபார்ப்புக்கு லிஸ்-4. அங்கே லேண்ட்சாட்டை வைத்து இனம் பிரித்ததாகச் சொன்னால் கரையோரத்தை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்ப்பேன். புயல் சேதத்துக்கு சென்டினல்-1, சென்டினல்-2 இரண்டும், அவசரமில்லாமல். இறால் பண்ணைக்கு சென்டினல்-1. புது நடவுக்குக் கால்நடையாகப் போய் எண்ணுவது, பரப்பு பெரிதென்றால் ட்ரோன். மாவட்டக் கூட்டத்தில் ஒரு எண் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றால் வன அறிக்கையைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள், எந்த ஆண்டு அறிக்கை என்பதையும் சேர்த்து.

காசு இருந்து என்ன வாங்குவது என்று தெரியாமல் முழிப்பவர்களுக்கும் ஒரு யோசனை. 3 மீட்டர் படத்துக்கு ஒதுக்கிய தொகையைப் படகு வாடகைக்கும், உள்ளூர் மீனவர் இருவரின் கூலிக்கும், ஒரு நல்ல இடக்குறிக் கருவிக்கும் மாற்றுங்கள். இலவச சென்டினல்-2 படத்தோடு காட்டின் உள்ளே எடுத்த 200 புள்ளிகள் இருந்தால், விலை கொடுத்து வாங்கிய படத்தோடு படகில் உட்கார்ந்து எடுத்த 50 புள்ளிகளை விட வரைபடம் நன்றாகவே வரும். திட்டத்துக்குப் பணம் தருகிறவரிடம் இதை விளக்குவது கொஞ்சம் சிரமம்தான், பட்ஜெட்டில் "செயற்கைக்கோள் படம்" என்ற வரி இல்லையே என்று கேட்பார்.